கரப்பும் கரப்பொத்தானும்

(வானொலி இலக்கியத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட இந்த நேரத்தில் கரப்பொத்தானைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால் உங்களிற் சிலர் வானொலியை நிறுத்த எழுந்துவிடக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக் குசினியில் நடந்த கதைதான். ஆனால் ஒரு சொல்லை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்பதும் அதற்குள் இருக்கிறது.

கரப்பொத்தான் என்றதும் இலக்கிய நண்பர்களுக்கு காஃப்கா நினைவுக்கு வருவார். 1915ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய 'உருமாற்றம்' என்ற கதையின் நாயகன் ஒரு காலை கண்விழிக்கும்போது பூச்சியாகிக் கிடக்கிறான். அது கரப்பொத்தான் என்றே நம்மிற் பலர் பேசியும் எழுதியும் வருகிறோம். ஆனால் காஃப்கா ஜேர்மன் மொழியிற் பயன்படுத்திய சொல், அருவருப்பூட்டும் சிற்றுயிர் என்ற பொதுப்பொருளையே தருவது. அதைக் கரப்பொத்தான் ஆக்கியவர்கள் வாசகர்கள். அருவருப்புக்கு ஒரு பெயர் தேவைப்படும்போது கைக்கு அகப்பட்ட பெயரைச் சூட்டிவிடுகிறோம். இதற்குப் பின்னர் திரும்பி வருவேன்.

நான் தமிழ் படிப்பிக்கிறவன். ஆகவே சொல்லையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். தமிழகத்திற் கரப்பான் பூச்சி என்பார்கள். நாங்கள் கரப்பொத்தான் என்கிறோம். கரத்தல் என்றால் ஒளித்தல், மறைத்தல். அந்த வினையிலிருந்துதான் பூச்சியின் பெயர் பிறந்தது என்று நான் அடித்துக் கூறவில்லை; சொற்பிறப்பு வழுக்கும் நிலம். ஆனால் பொருத்தம் இருக்கிறது. திருக்குறளில் 'இரவு' என்றோர் அதிகாரம் உண்டு, 106ஆவது. ஆண்டுதோறும் என் வகுப்பில் யாராவது ஒரு மாணவன் அதை இராத்திரி என்று எழுதிவைப்பான். அது இரத்தல், அதாவது யாசித்தல். தன்னிடம் உள்ளதை இல்லையென்று ஒளிப்பதை அவ்வதிகாரத்தில் வள்ளுவர் கரப்பு என்பார். என் வீட்டிலோ இரவும் கரப்பும் வேறொரு வகையிற் சேர்ந்தன.

நாங்கள் குடியிருப்பது வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில். பழைய வீடொன்றை நடுவே சுவர் வைத்துப் பிரித்து இரு குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார்கள். முன்னாலுள்ள நடை இருவருக்கும் பொது. குசினிகள் இரண்டும் ஒரே சுவரின் இரு பக்கங்களில் இருக்கின்றன. தண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் அந்தச் சுவரை ஊடறுத்துச் செல்கின்றன.

எங்கள் மகளுக்கு ஒன்பது வயது. சிறு வயதிலிருந்தே அவளுக்கு இழுப்பு வருவதுண்டு. ஆடி மாதத்தில் ஒரு நாள் இரவு இரண்டு மணியளவில் அவளுக்குச் சுடுதண்ணீர் எடுக்கக் குசினிக்குப் போனேன். விளக்கைப் போட்டதும் மேசை அசைவது போலிருந்தது. மேசை அசையவில்லை. மண்ணிறத்திற் சின்னஞ்சிறு பூச்சிகள் பத்துப் பதினைந்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காஸ் அடுப்பின் அடியிலும் அலுமாரியின் இடுக்குகளிலும் புகுந்து மறைந்தன. கழிவுவாய்க்காலிலிருந்து ஏறிவரும் பெரிய செங்கரப்பொத்தானை நாம் எல்லோரும் அறிவோம். இவை அவையல்ல. ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளங்கூட இல்லை. கழுத்துப் பக்கத்தில் இரண்டு கருங்கோடுகள்.

மனைவியை எழுப்பிக் காட்டினேன். அவர் முதலிற் சொன்னது இதுதான்: "இஞ்சருங்கோ, ஆருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. வாத்தியார் வீட்டிலை கரப்பொத்தானெண்டால் சனம் என்ன நினைக்கும்?"

எங்கள் கரப்பு அன்றே தொடங்கிவிட்டது. வருவோரை விறாந்தையோடு பேசி அனுப்பினோம். உடன் படிப்பிக்கும் நண்பர் ஒருவருக்குத் தேநீர் போடச் சீனிப் பேணியைத் திறந்தபோது உள்ளே ஒன்று ஓடியது. சீனி முடிந்துவிட்டதென்று பொய் சொல்லி வெறுந்தேநீர் கொடுத்தோம். கடையிற் கிடைத்த தெளிப்பு மருந்தை ஒவ்வொரு இரவும் அடித்தேன். காலையில் ஏழெட்டுச் செத்துக் கிடக்கும், மனம் ஆறுதலடையும். ஆனால் ஒரு வாரத்தில் அவை குசினியை விட்டுப் படுக்கையறை அலுமாரியிலும் தென்படத் தொடங்கின. மருந்தின் நெடியில் மகளுக்கு இருமல் கூடியதுதான் மிச்சம்.

ஒளிக்கத் தொடங்கிய பின்பு அடுத்த கட்டம் பழிபோடுவது. அதற்கு ஆள் பக்கத்திலேயே இருந்தார்கள். இரண்டு கிழமைக்கு முன்னர்தான் மறுபாதி வீட்டுக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. மலையகத்தைச் சேர்ந்தவர்கள், கணவன், மனைவி, ஆறு வயதுப் பெண்பிள்ளை. ஒரு சிறிய லொறியில் மட்டைப்பெட்டிகளும் மூட்டைகளுமாக வந்து இறங்கினார்கள். "அந்தப் பெட்டியளோடைதான் இது வந்தது" என்று நான் சொன்னேன். அதோடு நிற்கவில்லை. தோட்டத்து ஆட்கள் என்று தொடங்கி இன்னொரு வார்த்தையும் சொன்னேன். அதை இந்த ஒலிவாங்கியின் முன் திருப்பிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. மலையக இலக்கியம் பற்றி மேடையிற் பேசியவன் நான். வீட்டுக்குள் என் வாய் அப்படிப் பேசியது. மகள் பக்கத்திலிருந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள்.

பூச்சி மருந்து சேர்த்த வெண்கட்டி ஒன்று கடைகளில் விற்பார்கள். பார்வைக்கு நாங்கள் வகுப்பிற் பாவிப்பதைப் போன்றே இருக்கும். அதை வாங்கி வந்து, பொது நடையில் அவர்கள் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே தடிப்பாக ஒரு கோடு கீறினேன். கதை சொல்வோர் கூறும் இலக்குவன் கோட்டை நினைத்துக்கொண்டு, சுவர் முதற் சுவர் வரை கீறினேன்.

மறுநாட் பின்னேரம் பாடசாலையிலிருந்து வந்தபோது அந்தச் சின்னப் பிள்ளை கோட்டின் மேல் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தது. "சேர், இது கெந்தி விளையாடுற கோடுங்களா? மத்தக் கோடெல்லாம் எப்ப போடுவீங்க?" என்று கேட்டது. இரண்டு உள்ளங்கைகளும் வெள்ளையாக இருந்தன. ஒரு விரல் வாயருகே போய்க்கொண்டிருந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சத்தம் கேட்டு வெளியே வந்த தாய் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளையைத் தூக்கிப்போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது என் அதிர்ஷ்டம். அந்த மருந்து வெண்கட்டி பிள்ளைகள் உள்ள எந்த வீட்டுக்கும் ஆகாது என்பதை இதைக் கேட்போர் தயவுசெய்து மனத்திற் கொள்ளுங்கள்.

அன்றிரவு மகள் மெல்லச் சொன்னாள்: "அப்பா, நான் அவவுக்குச் சொல்லிப்போட்டன். உங்கட பெட்டியிலைதான் கரப்பொத்தான் வந்ததெண்டு அப்பா சொன்னவர் எண்டு."

எனக்கு உறக்கம் வரவில்லை.

அடுத்த நாள் மாலை அந்தப் பிள்ளையின் தந்தை வாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, "சேர், தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்டுலயும் இருக்குதுங்களா?" என்று கேட்டார். அவர்கள் குசினியிலும் ஒன்றிரண்டைக் கண்டிருக்கிறார்கள். வந்த புதிதில் வெளியே சொன்னால் வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிவிடுவார் என்று பயந்து அவர்களும் ஒளித்திருக்கிறார்கள். ஒரு சுவரின் இரு பக்கமும் ஒரே இரகசியத்தைக் காத்துக்கொண்டிருந்திருக்கிறோம். அந்தச் சுவரின் குழாய் ஓட்டைகளால் அது அங்குமிங்கும் போய் வந்துகொண்டிருந்தது.

அந்தத் தம்பி பல ஆண்டுகள் சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் வேலை செய்தவர். "அடிக்கிறது லேசு சேர். எங்க குடியிருக்குதுன்னு பாக்கணும். அதப் பாக்காம மருந்தடிச்சா செதறி எல்லா ரூமுக்கும் போயிடும்" என்றார். நான் ஒரு மாதமாகச் செய்துகொண்டிருந்தது அதைத்தான்.

தேடும் முறையை அவரே சொல்லித் தந்தார். ரோச் லைற்றின் முகத்திற் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டினோம். கரப்பொத்தானின் கண்ணுக்குச் சிவப்பொளி நன்றாகத் தெரியாது. ஆகவே ஓடாமல் நிற்கும். இருட்டிய பின் இரு வீடுகளிலும் பார்த்தோம். மிளகுத்தூள் சிந்தியது போன்ற கரும்புள்ளிகள் எங்கே கூடுதலாக உள்ளனவோ அங்கே குறித்துக்கொண்டோம். அவை அதன் எச்சம். அந்த எச்சத்தின் மணமே மற்றவற்றையும் அவ்விடத்துக்கு அழைக்கிறது. பிறகு கடையில் விற்கும் பசைத் தட்டுகளைச் சுவரோரமாக வைத்தோம். கரப்பொத்தான் வெளியை விரும்பாது. உடம்பு சுவரை உரசியபடி ஓடவே விரும்பும். வீட்டுக்கு ஆறு தட்டு, மூன்று இரவுகள். ஒவ்வொரு தட்டிலும் எத்தனை என்று புள்ளிப் பதிவேடு போல ஒரு கொப்பியில் எழுதினேன்.

மூன்றாம் நாட் காலையில் இருவரும் நடையில் நின்று கணக்குப் பார்த்தோம். அவர்களுடைய வீட்டில் எல்லாமாக ஐந்து. அவையும் குழாய் வரும் மூலையில். எங்கள் குசினியிற் பதினெட்டு. எங்கள் முன்னறையில், நான் எழுதும் மூலையில் வைத்த ஒரே தட்டில் முப்பத்தேழு.

அந்த மூலையில் என் தகப்பனார் வாங்கிய பழைய வானொலிப் பெட்டி இருக்கிறது. எந்நேரமும் மின்சாரத்திற் செருகியபடியே இருப்பதால் அதன் முதுகு இளஞ்சூடாக இருக்கும். அதன் கீழே நான்கு மட்டைப்பெட்டிகள். பத்திரிகைகளின் இலக்கியப் பக்கங்களிலிருந்து இருபது ஆண்டுகளாக நான் வெட்டிச் சேர்த்தவை அவற்றில் இருந்தன. சித்திரை விடுமுறையில், பலசரக்குக் கடையொன்றில் வெற்றுப் பெட்டிகளைக் கேட்டு வாங்கி, என் தோளிலேயே சுமந்து வந்து அவற்றை அடுக்கினேன். இரவில் இதே போன்ற இலக்கிய நிகழ்ச்சிகளைக் கேட்டபடி அங்கேயிருந்து கொப்பி திருத்துவேன். பக்கத்திற் தேநீரும் பிஸ்கற்றும். தூள் பெட்டிகளுக்குட் போகும். சூடு, இருட்டு, உணவு, மட்டையின் நெளிவுகளுக்குள் ஒளிவிடம் என்று அதற்கு வேண்டிய யாவற்றையும் நானே அமைத்துக் கொடுத்திருந்தேன்.

வானொலியின் பின்மூடியைக் கழற்றினோம். அந்தக் காட்சியை விவரிக்க மாட்டேன். சிலர் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

கணக்கும் எனக்கு எதிராகவே நின்றது. இவ்வினத்துப் பெண்பூச்சி முப்பது நாற்பது முட்டைகள் கொண்ட ஒரு கூட்டைப் பொரிக்கும் தறுவாய் வரை உடம்பின் பின்புறத்திற் சுமந்து திரியும். முட்டை முழுப்பூச்சியாக வளர நமது வெப்பத்தில் இரண்டு மூன்று மாதங்களாவது வேண்டும். என் வீட்டில் எல்லாப் பருவத்திலும் இருந்தன. பெட்டிகள் வந்தது சித்திரையில். அவர்கள் வந்தது ஆடியில். இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

இந்தச் சிறு கரப்பொத்தானுக்கு ஜேர்மன் கரப்பொத்தான் என்று பெயர். 1767இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது ஜேர்மனியின் பெயரைச் சேர்த்தார். ருஷ்யர்கள் இதைப் பிரஷ்யன் என்பார்கள். ஜேர்மனியரிற் சிலரோ ருஷ்யன் என்பார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து நாட்டின் தலையில் இதைக் கட்டியிருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, இது ஏறத்தாழ 2100 ஆண்டுகளுக்கு முன்னர் இந்தியா அல்லது மியன்மார்ப் பகுதியில் ஆசியக் கரப்பொத்தானிலிருந்து பிரிந்த இனம் என்று காட்டியது. மனிதரின் சரக்குகளோடு பயணப்பட்டே அது உலகெங்கும் பரவியது. ஆக, ஜேர்மன் என்று நாம் சொல்லும் பூச்சி நமது வங்கக் கடலோரத்து உறவுதான்.

இப்போது முதலிற் சொன்ன பெயர்சூட்டும் விடயத்துக்கு வருகிறேன். 1994ஆம் ஆண்டு ருவாண்டாவில் இனப்படுகொலை நடந்த நாட்களில், அங்கிருந்த வானொலி நிலையம் ஒன்று துட்சி மக்களை 'இன்யென்சி' என்று ஓயாமற் சொல்லிக்கொண்டிருந்தது. அந்நாட்டு மொழியில் அதன் பொருள் கரப்பொத்தான். சுமார் நூறு நாட்களிற் பல இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அயலவர் பலர் அயலவராலேயே கொல்லப்பட்டார்கள். என் நடையிற் கீறிய கோட்டை அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால் அது மிகை. இறந்தவர்களுக்கு மரியாதையும் ஆகாது. ஆனால் வீட்டில் நான் சொன்ன வார்த்தை ஒரே நாளில் என் மகளின் வாயால் அந்தச் சின்னப் பிள்ளையின் காதுக்குப் போய்விட்டது. ஒலிவாங்கிக்கு முன்னால் இருக்கும்போது அது எனக்கு நினைவு வராமல் இல்லை.

சரி, ஒழித்த கதையைச் சொல்கிறேன். பலருக்குப் பயன்படலாம்.

முதலில் மகளை அவளுடைய மாமி வீட்டுக்கு அனுப்பினோம். கரப்பொத்தானின் எச்சமும் உரித்த தோலும் தூளாகிக் காற்றிற் கலந்தால் இழுப்பைக் கிளப்பும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, ஈரத்துணியால் துடைத்து எடுத்தோம். மட்டைப்பெட்டிகளைப் பெரிய பொலித்தீன் பைகளில் இட்டு இறுகக் கட்டி அகற்றினேன். நறுக்குகளை ஒவ்வொரு தாளாகத் தட்டி வெயிலில் விரித்தேன். எச்சம் பட்டுச் சில போய்விட்டன. மீந்தவை இப்போது மூடி இறுகும் பிளாஸ்ரிக் பெட்டிகளில் இருக்கின்றன.

அடுத்து அதன் தண்ணீரை நிறுத்தினோம். உணவில்லாமல் இது சில கிழமைகள் தாக்குப்பிடிக்கும். தண்ணீரில்லாமல் அவ்வளவு நாட் தாங்காது. சொட்டிக்கொண்டிருந்த குழாய் இரண்டைத் திருத்தினோம். இரவிற் கழுவுதொட்டியைத் துணியால் உலரத் துடைத்தோம். சுவரிற் குழாய் செல்லும் ஓட்டைகளைச் சிமெந்தால் அடைத்தோம். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

அதன் பின்னரே மருந்து. தெளிப்பு மருந்தை முற்றாக நிறுத்தினோம். அதன் நெடி பட்ட இரையை இவை தீண்டமாட்டா. ஊசிக்குழாயில் வரும் பசை இரையைப் பயறளவு பொட்டுகளாக, அலுமாரிப் பிணைச்சல்களிலும் அடுப்பின் பின்னாலும் பிரிட்ஜின் இயந்திரப் பக்கத்திலும், பிள்ளைகளின் கை எட்டாத இடுக்குகளில், இரு வீடுகளிலும் ஒரே மாலையில் வைத்தோம். தின்ற பூச்சி உடனே சாவதில்லை. தன் ஒளிவிடத்துக்குத் திரும்பிச் சாகும். அதன் எச்சத்தையும் உடலையும் தின்பவையும் சாகும். நாம் எட்ட முடியாத இடத்துக்கு மருந்தை அதுவே கொண்டுபோகிறது. ஆனால் முட்டைக் கூட்டுக்குள் இருப்பவை தப்பிவிடும். ஆகவே மூன்று கிழமை கழித்து மறுபடியும் வைத்தோம்; இன்னொரு மாதம் கழித்து மூன்றாந்தரமும்.

ஒவ்வொரு கிழமையும் பசைத் தட்டுகளை எண்ணினோம். முன்னறைத் தட்டில் முப்பத்தேழு பதினான்காயிற்று. பிறகு ஐந்து, பிறகு இரண்டு. நான்காம் மாதம் இரு வீடுகளிலும் ஒன்றும் விழவில்லை. மகளின் இழுப்பு அடியோடு போய்விட்டதென்று சொல்லமாட்டேன். மழைக்கால இரவுகளில் வருகிறது. முன்பு கிழமைக்கு இரண்டு மூன்று தரம் எழும்புவோம். இப்போது மாதத்தில் ஒரு தரம்.

நடையிலிருந்த கோட்டைச் சவர்க்காரம் போட்டு மூன்று முறை நானே கழுவினேன். அந்த வேலையை மனைவியிடமோ வேறெவரிடமோ விட எனக்கு மனம் வரவில்லை. கழுவி முடித்த பின் அவர்களுடைய வாசலிற் போய் நின்றேன். மேடையில் ஒரு மணித்தியாலம் தடையின்றிப் பேசுகிறவன், நான்கு வசனத்தை முடிக்க அவ்வளவு நேரம் எடுத்தேன். "பெட்டியள் என்ரை. நான் உங்களைச் சொன்னது பிழை. அந்தக் கோடும் பிழை. பிள்ளைக்கு முன்னாலை சொல்லோணும் எண்டு வந்தன்" என்றேன். தம்பி, "விடுங்க சேர்" என்றார். அவருடைய மனைவி விடவில்லை. "எங்க புள்ள ரெண்டு நாளா பெட்டிய எல்லாம் தொறந்து தொறந்து பாத்துச்சுங்க சேர். எங்கம்மா இருக்குது, எங்க இருக்குதுன்னு கேட்டுச்சு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இன்றும் இல்லை.

இப்போதும் மாதம் ஒரு முறை இரு வீட்டிலும் ஒவ்வொரு பசைத் தட்டு வைக்கிறோம். காலையில் நடையில் நின்று ஒருவருக்கொருவர் கேட்கும்படி சத்தமாகக் கணக்குச் சொல்லிக்கொள்வோம். இனி ஒளிப்பதில்லை என்பது எங்களுக்குள் ஓர் உடன்பாடு. வகுப்பிலிருந்து கொண்டுவந்த சாதாரண வெண்கட்டியாற் கெந்தி விளையாட்டுக் கட்டங்களைக் கீறிக் கொடுத்திருக்கிறேன். மத்தக் கோடுகளும் இப்போது சரியாக இருக்கின்றனவாம். அந்தப் பிள்ளை பார்த்துச் சொன்னது.